மழையாக்கும் பாலெடுத்துட்டுப் போனது?

ரெண்டு வாரமா எதிர்வீட்டுப் பிள்ளைக்கு மத்திய அரசு வேலைக்கான எஸ்எஸ்சி பரீட்சைக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுத்துட்டு இருக்கேன், சொல்லிக் குடுக்கிறேன்னா பெருசா ஒண்ணுமில்ல, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல எங்க வீட்டுத் திண்ணையில உக்காந்து அவ மாக் டெஸ்ட்ல தப்பு பண்ணினதை எல்லாம் ஒண்ணொண்ணா பாக்கிறதுதான். நேத்து அவ கேட்ட ஒரு கேள்வில நான் வசமா மாட்டிக்கிட்டேன். அதை எழுதத்தான் உக்காந்தேன், ஆனா அது புரியணும்னா கொஞ்சம் பழைய கதையும் சேத்து சொல்லணும்.

நான் படிச்ச காலத்துல குலசேகரத்துல இருந்து நாகர்கோவிலுக்கு தினம் பஸ்ஸு. காலையில போய் கோச்சிங் கிளாஸ்ல இருந்துட்டு மத்தியானம் திரும்பி வரணும், தக்கலை தாண்டினா ஜன்னல் சீட் கிடைக்கும், அதுக்கப்புறம் வடசேரி வர நோட்டை மடியில வச்சுட்டு ரூல் ரூலா மனப்பாடம் பண்ணுவேன். எங்க சார் கிராமரை எல்லாம் நம்பர் போட்டு வச்சிருந்தார். நாப்பத்தேழாவது ரூல், அறுபத்திரண்டாவது ரூல்னு சொன்னா கிளாஸே ஒண்ணுபோல ஒப்பிக்கும். எனக்கு ஒப்பிக்க வந்துச்சு, பரீட்சையில கை வரல. அதுலயும் ரெண்டே ரெண்டு ஐட்டம் என்னை விடாம அடிச்சுது, ஒண்ணு பேரலலிசம், வரிசையா வாறதெல்லாம் ஒரே அச்சுல இருக்கணும்ங்கிறது, இன்னொண்ணு மாடிஃபையர், இன்னொண்ணை விளக்க வாற சொல்லோ தொடரோ.

தெரியாதவங்களுக்கு ஒரு வரியில சொல்லிடுறேன். எஸ்எஸ்சி நடத்துற சிஜிஎல்ங்கிற பட்டதாரிப் பரீட்சையோட முதல் கட்டத்துல இங்கிலீஷ்ல 25 கேள்வி, ஒண்ணுக்கு 2 மார்க், தப்பா போட்டா அரை மார்க் கட். அதாவது தெரிஞ்ச கேள்வியை தப்பா போட்டா கைக்கு வர வேண்டிய ரெண்டும் போய் கூட அரையும் போகும், மொத்தம் ரெண்டரை. ஒரு வருஷம் எனக்கு ஒண்ணே முக்கால் மார்க்குல போச்சு. ஒரே ஒரு கேள்வி. அது எந்தக் கேள்வின்னு எனக்கு இன்னைக்கும் தெரியும், ஏன்னா ஆன்சர் கீ வந்த அன்னைக்கு அதையேதான் ராத்திரி முழுக்க பாத்துட்டு இருந்தேன். மாடிஃபையர்தான்.

இங்கிலீஷ் வாக்கியங்களை தமிழ் எழுத்துலயே எழுதுறேன், வாய்விட்டு வாசிங்க, இந்த விஷயத்துக்கு அதுதான் நல்லதும் கூட, ஏன்னா கண்ணுக்குத் தப்பிக்கிறது காதுல மாட்டும்.

தப்பு கண்டுபிடின்னு குடுத்த வாக்கியம் கிட்டத்தட்ட இப்படி: வாக்கிங் டு த ஸ்டேஷன், த ரெயின் பிகேன் டு ஃபால். எனக்கு இதுல ஒரு தப்பும் தெரியல. நடந்து போறப்ப மழை வந்துச்சு, இதுல என்ன தப்பு? நோ எரர்னு போட்டேன். விடையில முதல் பகுதிதான் தப்புன்னு இருந்துச்சு. சார்ட்ட கேட்டா டேங்க்லிங் மாடிஃபையர், ரூல் இத்தனைன்னு நம்பர் சொன்னார். நம்பர் எனக்கே தெரியும் சார்னு சொல்ல வாய் வரல.

அது ஆடி மாசம். மூணு நாளா விடாத மழை, அப்பா வெட்டுக்குப் போகல. எங்க அப்பா பால்வெட்டு தொழிலாளி, ரப்பர் பாலைத்தான் சொல்லுறேன், விடியறதுக்கு முன்னாடி தலையில லைட்டைக் கட்டிட்டு 300 மரத்துக்கு மேல வெட்டுவார், வெயில் ஏறினா பால் ஓட்டம் குறைஞ்சுடும், மழை பேஞ்சா பட்டை நனைஞ்சு பால் சிரட்டைக்குள்ள விழாம மரத்துலயே வழிஞ்சு வீணாப் போகும். அதனால மழைன்னா எங்க வீட்ல ரெண்டு விதமான சத்தம் வரும், ஓட்டுல விழுற மழைச் சத்தம் ஒண்ணு, அதைப் பாத்து அப்பா விடுற பெருமூச்சு ஒண்ணு. அன்னைக்கு அவர் கட்டன்சாயாவோட திண்ணையில இருந்தார், நான் நோட்டோட பக்கத்துல. எரிச்சல்ல அந்த வாக்கியத்தை வார்த்தைக்கு வார்த்தை தமிழ்ல மாத்தி அவருக்குத் தெரிஞ்ச விஷயமா ஆக்கி கேட்டேன்.

"அப்பா, பாலெடுத்துட்டுப் போய் மழை வந்துதுன்னு சொன்னா என்ன தப்பு?"

அவர் சாயா கிளாஸை கீழ வச்சார். "மழையாக்கும் பாலெடுத்துட்டுப் போனது?"

அவ்வளவுதான். நாகர்கோவில்ல எட்டு மாசம் புரியாதது இந்த ஒத்தை வரியில புரிஞ்சுது.

என்ன நடந்துச்சுன்னு பொறுமையா சொல்லுறேன். வாக்கிங்னு இங்கிலீஷ்ல பாத்ததும் நம்ம மனசு அதை நடந்து போறப்பன்னு மாத்திடுது. தமிழ்ல போறப்ப, வாறப்ப, போகும்போது எல்லாம் ரொம்ப தாராளமான ஆளுங்க. முன்னாடி நடக்கிறது ஒருத்தர், பின்னாடி வாறது இன்னொருத்தர்னு இருந்தாலும் ஒத்துக்கும். நான் நடந்து போறப்ப மழை வந்துச்சு, நான் குளிக்கிறப்ப கரண்ட் போச்சு, ஒரு குறையும் இல்ல. ஆனா இங்கிலீஷ்காரனோட அந்த ஐஎன்ஜி, கமா போட்டு வாக்கியத்துக்கு முன்னாடி வந்து நிக்குதே, அது போறப்ப மாதிரி தாராளம் கிடையாது. அது நம்ம நடந்து, எடுத்து, வந்து, போய் ஜாதி. வினையெச்சம். பாலெடுத்துட்டுப் போய்னு ஆரம்பிச்சா, போனவர்தான் மிச்ச வாக்கியத்துலயும் ஏதாவது செய்யணும். பாலெடுத்துட்டுப் போய் அப்பா ரப்பர் ஷீட் அடிச்சார்னா சரி. பாலெடுத்துட்டுப் போய் மழை வந்துதுன்னா பாலைத் தூக்கிட்டுப் போனது மழை.

அதுக்கப்புறம் எனக்கு ஒரே வேலைதான். கமாவுக்கு முன்னாடி ஐஎன்ஜியோ ஹேவிங்கோ இருந்தா, போறப்பன்னு மாத்தக் கூடாதுன்னு எனக்கு நானே சத்தியம் பண்ணிக்கிட்டு, பிடிவாதமா து போட்டு, ட்டு போட்டு மாத்துவேன். ஹேவிங் ரீச்ட் மார்த்தாண்டம், த பஸ் வாஸ் மிஸ்ட். மார்த்தாண்டம் போய்ச் சேந்துட்டு பஸ் தவறிப் போச்சு. கேட்டாலே சிரிப்பு வருது, பஸ்ஸே மார்த்தாண்டத்துக்குப் போய் பஸ்ஸே தன்னைத்தானே தவற விட்ட மாதிரி. ஹேவிங் ரீச்ட் மார்த்தாண்டம், வீ மிஸ்ட் த பஸ்னா சரி, போனதும் நாங்க, விட்டதும் நாங்க.

இந்த பீயிங்னு ஒண்ணு இருக்கு பாருங்க, பரீட்சை வைக்கிறவங்களுக்கு இது மேல ஒரு தனிப் பிரியம். பீயிங் எ ரெய்னி டே, மை ஃபாதர் டிட் நாட் கோ டு ஒர்க். இதைப் போட்டு தப்பு எங்கன்னு கேப்பான். மழைநாளா இருந்து அப்பா வேலைக்குப் போகல. அதாவது எங்க அப்பா ஒரு மழைநாள். (கூலி இல்லாத நாள்ல அவர் மூஞ்சியப் பாத்தா அதுவும் தப்புன்னு சொல்ல முடியாது.) சரியான விடை, முன்னாடி ஒரு இட் போடணும், இட் பீயிங் எ ரெய்னி டேன்னு. அப்படி அந்த முன்பகுதிக்குன்னு தனியா ஒரு ஆளை நிறுத்திட்டா பின்னாடி யார் வந்தாலும் பிரச்சினை இல்ல.

இதுல எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம் ஒண்ணு. பின்னாடி ஒரு நாள் தமிழ் இலக்கணம் புரட்டினப்ப பாத்தேன், இந்த ரூலை அப்படியே தொல்காப்பியம் சொல்லி வச்சிருக்கு. சொல்லதிகாரத்துல வினையியல்ல வினையெச்ச வகைகளை வரிசையா சொல்லிட்டு, 'முதனிலை மூன்றும் வினைமுதல் முடிபின'ன்னு ஒரு வரி. அதாவது செய்து, செய்யூ, செய்புன்னு வாற முதல் மூணும் அந்த வேலையைச் செஞ்ச ஆளோட வினையிலதான் போய் முடியணும்னு. மழையாக்கும் பாலெடுத்துட்டுப் போனதுன்னு எங்க அப்பா கேட்டது இதேதான், சூத்திரமா கேக்கல, அவ்வளவுதான் வித்தியாசம். விதிவிலக்கும் உண்டு. ஞாயிறு பட்டு வந்தான்னு உரைக்காரங்க ஒரு உதாரணம் காட்டுவாங்க, பட்டது, அதாவது மறைஞ்சது, சூரியன், வந்தது அவன், ரெண்டும் வேற ஆளு, ஆனா ஞாயிறு பட வந்தான்னு அர்த்தம் பண்ணிக்கணும்பாங்க. நம்ம மழை பேஞ்சு குளம் நிறைஞ்சுது கூட அந்த மாதிரிதான். முன்பகுதிக்கு ஞாயிறுன்னோ மழைன்னோ தனியா ஒரு ஆள் நிக்கிறதைக் கவனிங்க, இட் பீயிங் எ ரெய்னி டேயும் அதே கூத்துதான்.

தொல்காப்பியத்தோட பாயிரத்துல இன்னொரு விஷயம் இருக்கு, பாண்டியன் சபையில தொல்காப்பியர் அதங்கோட்டு ஆசானுக்கு குத்தம் குறை இல்லாம விளங்கும்படி சொன்னதா வரும், அரில்தபத் தெரிந்துன்னு. அந்த அதங்கோடு நம்ம விளவங்கோடு பக்கம் இருக்கிற அதங்கோடுதான்னு எங்க ஊர்க்காரங்க அடிச்சு சொல்லுவாங்க. அது உண்மைன்னா, ஸ்பாட் த எரர் கேள்விக்கு முதமுதல்ல உக்காந்த மனுஷன் நம்ம மாவட்டத்துக்காரர். நாம என்னடான்னா ஒண்ணே முக்கால் மார்க்குல போறோம்.

சரி பேரலலிசத்துக்கு வாறேன். இதுலயும் காதுதான். ஹிஸ் ஒர்க் இஸ் டு டாப் த ட்ரீஸ், கலெக்டிங் த லேடெக்ஸ் அண்ட் டு ரோல் த ஷீட்ஸ். இங்கிலீஷ்ல வாசிக்கிறப்ப நமக்கு இது வழுக்கிட்டு ஓடிடும். காரணம் என்னன்னா இங்கிலீஷ்ல அண்ட் ஒரே ஒரு இடத்துலதான் வரும், கடைசிக்கு முன்னாடி, அதுவரைக்கும் வந்தவங்க எல்லாம் ஒரே குடும்பமான்னு யாரும் சரிபாக்கிறதில்ல. தமிழ்ல அந்தச் சலுகை கிடையாது. உம் போட்டா எல்லார் வால்லயும் போடணும். வெட்டவும் தெரியும், எடுக்கவும் தெரியும், அடிக்கவும் தெரியும். இப்ப அந்த இங்கிலீஷ் வாக்கியத்தை உம் போட்டு மாத்துங்க: அவர் வேலை மரத்தை வெட்டவும், பாலை எடுக்கிறதும், ஷீட் அடிக்கவும். நடுவுல உள்ள எடுக்கிறதும் பல்லுல கல்லு கடிச்ச மாதிரி இருக்கா? அதுதான் தப்பு. டு கலெக்ட்னு மாத்தினா வேலை முடிஞ்சுது.

ஆனா இதைக் கத்துக்கிட்ட உடனே ஒரு வியாதி வரும், எதிர்வீட்டுப் பிள்ளைக்கும் வந்துச்சு, எங்க ஐஎன்ஜியைக் கண்டாலும் எல்லாத்தையும் ஒண்ணா ஆக்கணும்னு கை பரபரக்கும். ஹி சாட் ஆன் த வெராண்டா, டிரிங்கிங் டீ அண்ட் ரீடிங் த பேப்பர். இதுல சாட் மட்டும் தனியா நிக்குதேன்னு அதையும் சிட்டிங்னு மாத்தி, நல்லா இருந்த வாக்கியத்தைக் கெடுத்துட்டா. இதுக்கு நான் சொல்லுறது ஒண்ணுதான், அண்டுக்கு வலது பக்கம் என்ன இருக்குன்னு முதல்ல பாரு, ரீடிங். இப்ப இடது பக்கம் போய் அதுக்கு ஜோடி யாருன்னு தேடு, டிரிங்கிங். ஜோடி கிடைச்சாச்சு, சாட்டை சும்மா விடு. அவர் உக்காந்தார், குடிச்சுக்கிட்டும் படிச்சுக்கிட்டும், உம் ரெண்டு பேருக்குத்தான்.

நாட் ஒன்லி, பட் ஆல்ஸோ. ஹி நாட் ஒன்லி குரோஸ் ரப்பர் பட் ஆல்ஸோ பெப்பர். நாட் ஒன்லிக்கு அடுத்தது வினை, பட் ஆல்ஸோவுக்கு அடுத்தது சாமான், அதான் தப்பு. நாம என்ன சொல்லுவோம், ரப்பர் மட்டுமில்ல, நல்லமொளகும் போட்டிருக்கார். மட்டுமில்ல ரப்பரோட முதுகுல ஒட்டிக்கிட்டு நிக்குது, உம் நல்லமொளகோட. இங்கிலீஷ்லயும் அப்படியே ஒட்ட வைங்க, ஹி குரோஸ் நாட் ஒன்லி ரப்பர் பட் ஆல்ஸோ பெப்பர். வெறும் ஒன்லிக்கும் இதே வைத்தியம்தான், எந்த வார்த்தைக்கு மட்டும் போடுவோமோ அதுக்கு முன்னாடி ஒன்லியை வைக்கணும், பேச்சுல அவங்களே எங்க வேணா வச்சுப்பாங்க, பரீட்சையில ஒத்துக்க மாட்டான்.

தள்ளி நிக்கிற மாடிஃபையர்னு ஒரு வகை உண்டு, அது காமெடி. த ஃபிஷர்மேன் சோல்ட் த ஃபிஷ் டு த டிரேடர் தட் வாஸ் காட் நியர் குளச்சல். குளச்சல் பக்கத்துல பிடிபட்டது மீனா வியாபாரியான்னு தெரியல, வாக்கியத்தைக் கேட்டா வியாபாரியத்தான் வலைபோட்டு பிடிச்சிருக்காங்க. தமிழ்ல குளச்சல்ல பிடிச்ச மீனைன்னு பெயரெச்சம் மீன் பக்கத்துலயே போய் உக்காந்துக்கும். அதுக்காக நாம யோக்கியம்னு சொல்ல வரல. பழைய இரும்புக்கடைன்னு போர்டு பாத்திருப்பீங்க, இரும்பு பழசா கடை பழசா? எங்க ஊர்ல உள்ளது ரெண்டும்தான்.

கம்பேரிசன்ல இந்தத் தமிழ்க் காது சுத்தமா உதவாது, அதையும் சொல்லிடணும். த ரெயின்ஃபால் ஆஃப் கன்னியாகுமரி இஸ் ஹையர் தேன் தூத்துக்குடி. மழையை மழையோடதான ஒப்பிடணும், இவன் மழையை ஊரோட ஒப்பிடுறான், தேன் தட் ஆஃப் தூத்துக்குடின்னு இருக்கணும். ஆனா நம்ம வாயில தூத்துக்குடியை விட நம்ம ஊர் மழை அதிகம்னு சர்வசாதாரணமா வரும், யாருக்கும் உறுத்தாது. தென்மேற்கும் வடகிழக்கும்னு ரெண்டு பருவமழையும் கொட்டுற ஊர்ல இருந்துட்டு அந்தப் பெருமையைப் பேசுறப்ப தட் ஆஃப் எல்லாம் யார் பாக்கிறா. இங்க மட்டும் தேன்னு கண்டா பென்சிலை வச்சு நிறுத்து, எதை எதோட ஒப்பிடுறான்னு பாருன்னு பிள்ளைட்ட சொல்லிட்டேன்.

எங்க மாமா மகன் ஒருத்தன் எம்பிஏ ஆசையில ஜிமேட்டுக்குப் படிச்சான், அவனோட புக்கைத்தான் நான் கடன் வாங்கி கிழிச்சேன், அதுல சென்டென்ஸ் கரெக்ஷன்னு ஒரு பகுதி, அஞ்சு ஆப்ஷன், முதல் ஆப்ஷன் எப்பவும் கேள்வியில உள்ளதே அப்படியே இருக்கும், பேரலலிசமும் மாடிஃபையரும் அதுல பக்கத்துக்குப் பக்கம். பழைய ஜிமேட் 2024 ஜனவரி 31ஓட நின்னு போச்சு, இப்ப உள்ள புதுசுல சென்டென்ஸ் கரெக்ஷனே கிடையாது. அதைக் கேட்டப்ப எனக்கு ஏனோ ஒரு பொறாமை, நமக்கு மட்டும் எஸ்எஸ்சிக்காரன் இன்னும் விடல. எஸ்ஏடியிலயும் மாடிஃபையர் இருக்கு, வெளிநாட்டுக்குப் படிக்கப் போற பிள்ளைங்க கவனிச்சுக்குங்க.

இப்ப நேத்தைய கதை. பிள்ளை கொண்டு வந்த வாக்கியம்: ஹேவிங் எக்ஸாமின்ட் த பெட்டிஷன், ஆன் ஆர்டர் வாஸ் இஷ்யூட். விடையில தப்புன்னு போட்டிருக்கு, மனுவை ஆர்டரே படிச்ச மாதிரி ஆகுதுன்னு. அவ நான் சொல்லிக் குடுத்த மாதிரியே து போட்டு மாத்தியிருக்கா. மனுவைப் பரிசீலித்து ஆணை வழங்கப்பட்டது. "அக்கா, இது சரியாத்தானே கேக்குது? ஒண்ணும் உறுத்தலயே?"

நானும் சொல்லிப் பாத்தேன். மனுவைப் பரிசீலித்து ஆணை வழங்கப்பட்டது. உறுத்தல. நிஜமாவே உறுத்தல. வருஷக்கணக்கா ஆபீஸ் லெட்டர்ல வாசிச்சு வாசிச்சு காது மரத்துப் போச்சு போல. ஆய்வு செய்து முடிவு எடுக்கப்பட்டது, விசாரித்து நடவடிக்கை எடுக்கப்பட்டது, எல்லாமே காதுக்கு சுகமா இருக்கு. பெருசா தொல்காப்பியம் வரைக்கும் போய் பேசிட்டு இப்ப இவ முன்னாடி முழிக்கிறேன். நாளைக்குச் சொல்லுறேன் மக்ளேன்னு அவளை அனுப்பிட்டேன்.

ராத்திரி சாப்பிடுறப்ப, மரச்சீனியும் மீன்கறியும், அப்பா சாப்பிட்டு முடிச்சு கை கழுவிட்டு வந்தார். இப்ப வெட்டுக்குப் போறதில்ல, முட்டு வலி, ஆனா காது இன்னும் பழைய காதுதான். மனு கினுன்னு சொன்னா சுத்திப் பேசுவார்னு அவர் தொழிலுக்கே மாத்திக் கேட்டேன்.

"அப்பா, மரத்தை வெட்டி பால் எடுக்கப்பட்டது. இது சரியா?"

அவர் துண்டுல கையைத் துடைச்சுட்டே என்னைப் பாத்தார்.

"ஆரு எடுத்தா?"